கண்ணாடி மணிக்குக் கம்பி

சின்னவள் ஊசியில் பட்டு நூலைக் கோத்து ஐந்தாவது மணியை ஏற்றும்போது, கட்டிலில் கிடந்த அம்மா கண்ணைத் திறந்தாள். இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆயுள் முழுக்க மணி கோத்து விற்றவளுக்கு, போகும்போது தன் நீலக் கண்ணாடி மணி மாலை கழுத்தில் கிடக்க வேண்டும். அதுவோ அறுந்து டப்பாவில் கிடந்தது.

"என்ன நூலு அது?"

"பட்டும்மா. கழுத்தெல்லாம் புண்ணா இருக்கே, கம்பி உறுத்தும்."

"பொணத்துக்கு உறுத்துமா?" அம்மாவுக்கு மூச்சுதான் இல்லை, வாய் இருந்தது. "கண்ணாடி மணியோட ஓட்டை ஓரம் பிளேடு மாதிரி. பட்டு நூலை அறுத்துடும். பட்டு முத்துக்குத்தான். இத்தனை வருஷம் என் பக்கத்துல உக்காந்து என்னத்தைக் கிழிச்ச? பெரியவளா இருந்தா கேக்காமலே கம்பியை எடுத்திருப்பா."

பெரியவள் இந்த வீட்டை எட்டிப் பார்த்து வருடக்கணக்காகிறது. மூத்திரத் துணி மாற்றுகிறவளுக்குத் திட்டு, வராதவளுக்குப் புகழ். அம்மா எப்போதும் அப்படித்தான். சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்த வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விட்டுத் தொலையவில்லை. இன்றைக்கு விட்டால் இல்லை.

மணிகளை உருவினாள். பிளாஸ்டிக் பூசிய மெல்லிய கம்பியை வெட்டி, முதலிலிருந்து ஏற்றினாள். இறுக்கினால் மாலை விறைத்து நிற்கும், தளர்த்தினால் இடையில் கம்பி பல்லை இளிக்கும். ஒரு மணிகூட விலகாமல் வந்தது. நுனியில் கொக்கி வைத்துக் குறடால் நசுக்கித் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, பாரும்மா."

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இமைக்கவில்லை.

சாவுச் சேதி கேட்டு மதியம் பெரியவள் வந்தாள். வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தவள், அம்மாவின் கழுத்தைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அம்மா கோத்ததா?"

சின்னவள் குறடை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"கேக்கவே வேண்டாம், அம்மா கைதான். எவ்வளவு சுத்தம் பாரு. உனக்கெல்லாம் சாகுற வரைக்கும் இது வராதுடி."

"போட்டுக்கிட்டுப் போகணும்னு அம்மாவுக்கு ஆசைக்கா."

"போறவங்களுக்கு எதுக்கு? அம்மா ஞாபகமா என்கிட்ட இருக்கட்டும்." பெரியவள் திரும்பி நின்று கூந்தலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். "மாட்டி விடு. அறுந்துடாதே?"

"அறாது," என்றாள் சின்னவள். "கம்பி."

கொக்கி சின்னது. இரண்டாவது தடவைதான் மாட்டிக்கொண்டது.