இயந்திரம் பழுது, நாளை வரவும்

“முதல்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்” என்று நான் கேட்டதும் டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பித்தார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பிழைப்பே இந்தக் கேள்விதான். இருபது வருஷமாகக் கண்ணாடிக் கடையின் இருட்டறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, ஒரு வில்லையைப் போட்டு “இதுல தெளிவா இருக்கா?” என்றும், அடுத்ததைப் போட்டு “இல்ல, இதுலயா?” என்றும் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் ஜனங்கள் பதறிப்போவார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் தப்பான கண்ணாடியோடு காலம் தள்ள வேண்டுமே என்ற பயம். “முதல்ல காட்டினதை இன்னொரு தடவை காட்டுங்க” என்பார்கள். படித்தவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். அவர்களையெல்லாம் மனசுக்குள் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்!

விஷயம் இதுதான். மாதத்தில் எட்டு நாள் எனக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதல் மூன்று நாள் மணிக்கு ஒரு நாப்கின். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் இந்த இரண்டு வருஷமாக அளவு மீறிப் போனது. போன மாதம் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியைக் காதில் சரிபார்க்கக் குனிந்தவள், அப்படியே அவர் மடியில் விழுந்துவிட்டேன். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். பாவம், என்னைவிட அவர்தான் வெலவெலத்துப் போனார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழு. ஸ்கேன் எடுத்தார்கள், உள்ளேயிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை, ஓரமாகச் சின்னக் கட்டி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார்கள்.

“ஒண்ணு, அந்த நாள்ல மட்டும் போடற மாத்திரை” என்றார் டாக்டரம்மா. “போக்கு பாதியளவு குறையலாம். மாசாமாசம் போட்டுக்கிட்டே இருக்கணும். கருத்தடை மாத்திரை உங்களுக்கு வேணாம், பிரஷர் இருக்கு. ரெண்டாவது, கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்ன சாதனம். கொஞ்சங்கொஞ்சமா ஹார்மோனை விடும். முதல் நாலஞ்சு மாசம் அப்பப்ப சொட்டு சொட்டாப் படும், அப்புறம் நல்லாக் குறைஞ்சிடும். சில பேருக்கு சுத்தமா நின்னே போயிடும். அஞ்சு வருஷம் தாங்கும். மூணாவது, கர்ப்பப்பையை எடுத்துடறது. அது பெரிய ஆபரேஷன், ஒண்ணரை மாசம் ஓய்வு. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் சொல்வேன்.”

“அது கருத்தடைக்கு வைக்கிறதுதானே?”

“அதுக்கும் வைப்பாங்க. உங்களுக்கு அது மருந்து, அவ்வளவுதான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போதே இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டேன்.

மருந்தாம். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். அதில் ஒருநாள்கூட கருத்தடை என்ற பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. தடுக்க ஏதாவது வந்தால்தானே! வரட்டும் வரட்டும் என்று ஊசி, மாத்திரை, சோதனை, ஓய்வு என்று எல்லாம் பார்த்து ஓய்ந்தோம். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒருநாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார், அவ்வளவுதான். இப்போது, நாற்பத்துமூன்று வயதில், அவர் இல்லாத வீட்டில், எனக்குக் கருத்தடைச் சாதனம். அவர் இருந்திருந்தால் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். நான்தான் வாயைப் பொத்த வேண்டியிருந்திருக்கும்.

கல்யாணமான மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன். அந்த முறை பத்து நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்குள் பெயரெல்லாம் யோசித்துவிட்டோம். பதினோராவது நாள், கடையில் இருக்கும்போதே வந்துவிட்டது. பின்னறையில் வில்லைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். வெளியே ஒருவர் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. “மிஷின் ரிப்பேருங்க, நாளைக்கு வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்து வருகிறவர்களுக்காக ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஷட்டரில் மாட்டினார்: இயந்திரம் பழுது, நாளை வரவும். பிறகு என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், முதலில் வந்த பஸ்ஸில் ஏற்றினார். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. மாதம் தவறாமல் ஒருநாள் அட்டை தொங்கும். ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவர், மடியில் என் பை. பையில் மாற்று நாப்கின்கள், கறுப்புச் சால்வை ஒன்று. கடைசி நிறுத்தத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டியும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் தவிர வேறெதுவும் கிடையாது. இறங்கும்போது எனக்குப் பின்னால் வந்து ஒரு பார்வை பார்ப்பார். கறை இல்லையென்றால் கடையில் சொல்கிற அதே குரலில், “தெளிவு!” என்பார். பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே, தூரத்து விளம்பரப் பலகையைக் காட்டி, “கடைசி வரி படி பாப்போம்” என்பார். எனக்குத் தெரியாது, நானாக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வேன், அதற்கு அவர் மார்க் போடுவார். ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று எல்லோரும் சொன்னார்கள், அவர் மட்டும் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. இப்போது எண்ணிப் பார்த்தால் எங்களுடைய நல்ல நாட்களில் பாதி அந்தக் கெட்ட நாட்கள்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவோம்.

“அந்த மிஷினைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கப்படாதா? மாசாமாசம் மக்கர் பண்ணுதே” என்று எதிர்க்கடை ஸ்டேஷனரிக்காரர் கேட்டார் ஒருமுறை. “பழகின மிஷினுங்க, விட மனசு வரல” என்றார் இவர், என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி. நான் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மறுபடி மறுபடி துடைத்தேன்.

அவர் போன பிறகும் அந்த அட்டையை மாட்டிக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து நிற்க முடியாத நாட்கள் அவை, பொய்யில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், தலைசுற்றலோடு பஸ் ஏறிப் போவேன். பெஞ்சில் ஒரு மணி நேரம் இருப்பேன். மாதத்தில் மற்ற நாட்களெல்லாம் நான் தனியாள், அந்த ஒருநாள் மட்டும் அவருடைய பெண்டாட்டி. நின்றுபோய்விடும் என்று டாக்டரம்மா சொன்னபோது, எல்லோரும் சந்தோஷப்படுகிற அந்த வார்த்தை என்னைத்தான் போய்க் குத்தியது. பாதி குறைக்கிற மாத்திரை போதுமென்று முடிவு செய்துகொண்டேன். மூன்று மாதம் போட்டும் பார்த்தேன். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. ஒருநாள் பஸ் படியில் கால் தடுமாறி, கண்டக்டர் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

என்னோடு இருக்கும் அத்தை, அதாவது என் மாமியார், இது தெரிந்ததும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த போர்வையை அப்படியே வைத்துவிட்டு, “எடுத்துப் போட்டுடுன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறே” என்றார்.

“அதெல்லாம் வேணாம் அத்தை. அவ்வளவு பெரிய ஆபரேஷன் எனக்குத் தேவையில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க.”

“அப்ப அந்த லூப்பை வச்சுக்கோ.”

“ஜனங்க என்ன நினைப்பாங்க?”

“யாரு, உன் வயித்துக்குள்ள எட்டிப் பாக்கப் போறாங்களா? சாக்கு சொல்லாதே.” போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகப் பிடித்து மடித்தோம். முனைகள் சேர்ந்தபோது என் முகத்துக்கு எதிரே அவர் முகம். “நீ அந்த பஸ்ல போறது எனக்குத் தெரியும்” என்றார்.

நான் போர்வையின் விளிம்பை நீவினேன்.

“அப்பவும் தெரியும். அட்டை மாட்டியிருக்குன்னு யாராவது வந்து சொல்லிடுவாங்க. நான் உடனே பக்கத்து வீட்டுல போய் உக்காந்துப்பேன். நீங்க ரெண்டு பேரும் வந்து மூஞ்சி கழுவி, காப்பி குடிச்சு முடிக்கற வரைக்கும் வர மாட்டேன். நான் கேட்டுடுவேனோன்னு நீ பயப்படக் கூடாதுல்ல.” போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நானும்தாம்மா மாசாமாசம் எண்ணினேன். போதும். அவனும் போயிட்டான். நீயாவது எனக்கு இரு. நின்னா நிக்கட்டும்.”

பதினாறு வருஷத்தில் நாங்கள் இருவரும் இதைப் பேசியதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியோடு அரட்டையடிக்கப் போகிறார் என்று எத்தனை முறை என் வீட்டுக்காரரிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் போர்வையை மறுபடி உதறி, மறுபடி மடித்தோம், முதலில் மடித்தது கோணலாகிவிட்டிருந்தது.

அடுத்த வாரமே போனேன். அத்தையும் கூட வந்தார். வராந்தா பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே பத்து நிமிஷ வேலைதான். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, அதற்கப்புறம் மாதவலி மாதிரியே ஒரு இழுப்பு. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. டாக்டரம்மா என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

நர்ஸ் ஒரு அட்டையில் தேதி எழுதிக்கொண்டே, மனப்பாடமாக வைத்திருந்ததை மளமளவென்று ஒப்பித்தாள். வலித்தால் இந்த மாத்திரை, கனம் தூக்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் உடனே வரணும், ஒரு மாதம் கழித்து, வைத்த சாதனத்தின் நூல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கணும். நிமிராமலே அடுத்ததையும் சொன்னாள். “ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரரோட சேர வேணாம். மறக்காம அவர்கிட்ட சொல்லிடுங்க.”

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் சின்னப் பெண், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாள். தெரிந்தால் துடித்துப்போவாள். அது மட்டுமில்லை, வேறொன்றும் இருந்தது. ‘அவர்கிட்ட சொல்லிடுங்க’ என்று யாரும் என்னிடம் சொல்லி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

“சரி, சொல்லிடறேன்” என்றேன்.

வெளியே வந்து அத்தை பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தேன்.

“என்னம்மா சொன்னா?”

“கனம் தூக்கக் கூடாதாம். மாத்திரை குடுத்திருக்காங்க.”

“அப்புறம்?”

“அப்புறம், ஒரு வாரம் கிட்ட வரக் கூடாதுன்னு உங்க பிள்ளைகிட்ட சொல்லிடணுமாம்.”

அத்தை என்னைப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“அவன் என்னிக்கு சொன்ன பேச்சைக் கேட்டான்?” என்றார்.

முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து முதுகில் கை வைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், எனக்கும் பிடித்துக்கொண்டது. சிரிக்கச் சிரிக்க அடிவயிறு இழுத்தது, இழுக்க இழுக்க இன்னும் சிரிப்பு வந்தது. இருவர் கண்ணிலும் நீர் கொட்டியது. எழுந்திருக்கலாம் என்று அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார், முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் பெஞ்சில் நிறைமாதமாக ஒரு பெண். எங்களையே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், காரணம் என்னவென்று தெரியாமலே தானும் சிரிக்க ஆரம்பித்தாள், இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு.