கோரைமேட்டில் பூஜ்ஜியம் பேர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. வில்லியனூர் மார்க்கெட் பக்கம், ஆதார் நகலுக்காக நின்றிருந்தேன். கடைக்காரர் ஜெயமணியின் பெரிய மெஷினிலிருந்து ஒரு வரைபடம் கோரைப்பாய் போலச் சுருண்டு வெளியே வந்தது. பத்து வார்டு, பத்து வண்ணம். அதை வாங்க வந்திருந்த பெண்ணின் கை நடுங்கியது.

"இன்னா மேடம், கலர் சரியா வுழலையா?" என்றார் ஜெயமணி.

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணா."

நான் பார்த்தது அவ்வளவுதான். ஏன் நடுங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். ஆகவே வீட்டுக்கு வந்து கற்பனை செய்தேன். எழுதுகிறவர்கள் இதை மனிதநேயம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

2

முதல் தொடக்கம்: "ஜனநாயகம் என்பது கோடுகளால் ஆன ஒரு மாபெரும்—"

(அடித்துவிட்டேன். இது சால்வை போர்த்திக்கொள்கிறவர் பேசும் வாக்கியம். அப்படி ஒருவர் பின்னால் வருகிறார், அவருக்கே கொடுத்துவிடலாம்.)

இரண்டாம் தொடக்கம்: ரோஸ்லின் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

இது போதும். வயது இருபத்தொன்பது. புதுச்சேரியில், பல ஊர்கள் சேர்ந்த ஒரு கொம்யூன் பஞ்சாயத்தில் ஒப்பந்த ஊழியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீளும். (எந்தக் கொம்யூன்? பாகூர் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நானே உண்டாக்கியது, நோட்டீஸ் வராது.) வார்டுகளைப் புதிதாகப் பிரிக்கும் வேலை அவளிடம் வந்தது. மென்பொருளில் புதிய திட்டம் திறந்தாள். வார்டு பத்து. வார்டுகளுக்கிடையே மக்கள்தொகை வித்தியாசம் பத்து சதவீதம் தாண்டக்கூடாது. ஒரு வார்டு துண்டு விழாமல் ஒரே பரப்பாக இருக்க வேண்டும். மூன்றையும் கட்டங்களில் நிரப்பிவிட்டு, ஊர் ஊராகச் சொடுக்கி வண்ணம் தீட்டினாள்.

கோரைமேட்டை ஏழாம் வார்டில் சேர்த்ததும் திரை சிவந்தது: வார்டு 7 தொடர்ச்சியாக இல்லை.

இல்லைதான். கோரைமேட்டுக்கும் கொம்யூனின் மற்ற ஊர்களுக்கும் நடுவே நூறு மீட்டர் தமிழ்நாடு கிடக்கிறது. நம் பக்கத்தில் இது ஓர் அதிசயமே இல்லை. பால் வாங்கப் போகிறவர் மாநிலம் தாண்டிப் போகிறார், மாநிலம் தாண்டி வருகிறார், எருமையும் அப்படியே. பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பங்கு பிரித்ததில் சிதறிய நிலம். மென்பொருள் செய்தவருக்கு இதெல்லாம் தெரியாது. ஊர் என்றால் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும் என்று நம்புகிற, கொடுத்துவைத்த மனிதர்.

3

ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் மென்பொருள் தகராறு செய்வதில்லை என்பதை ரோஸ்லின் கவனித்திருந்தாள். அங்கே மக்கள்தொகை பூஜ்ஜியம். எந்த வார்டிலும் சேர்க்காமல் விட்டாலும் கண்டுகொள்ளாது. வெள்ளிக்கிழமை காலை, சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று, கோரைமேட்டை வார்டிலிருந்து எடுத்துவிட்டு, 612 என்ற எண்ணை அழித்து 0 அடித்தாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கோளாறு இங்கேதான் என்று புரிந்தது. 612-ஐத் திரும்ப அடிக்கக் கை வைத்தாள்.

அதிகாரி சிவப்பிரகாசம் பென் டிரைவோடு வந்து நின்றார்.

"பச்சை வந்துடுச்சா? குடும்மா, குடு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள அனுப்பிடணும்."

"சார், அதுல ஒரு நம்பரு—"

"நம்பரு எங்க ஓடிப் போவுது? மணி பத்து இருவது. ஜனநாயகத்தப் போயி ராகு காலத்துல அனுப்புவாங்களா?"

பத்து இருபத்தாறுக்குக் கோப்பு மேலிடம் போய்ச் சேர்ந்தது. ரோஸ்லின் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை. ஞாயிறு பூசையோடு சரி. அன்று முதல் அவளுக்கும் ஒரு ராகு காலம் பிடித்தது. அது எப்போது முடியும் என்று எந்தக் காலண்டரிலும் இல்லை.

திங்கட்கிழமை பாராட்டு விழா. "ஒரு உயிர்கூட விடுபடாத வரைபடம்!" என்று முழங்கினார் சிவப்பிரகாசம். சால்வை மூன்று. ("ஜனநாயகம் என்பது கோடுகளால் ஆன ஒரு மாபெரும் கோலம்" என்றும் சொன்னார். வாக்கியத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.)

விழா முடிந்ததும் ரோஸ்லின் அந்தப் பூஜ்ஜியத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டாள். சால்வையை மடித்தபடியே கேட்டார்.

"கோப்புல கடைசியா கை வெச்சது யாருன்னு காட்டுமா?"

"என் பேரு காட்டும் சார்."

"அப்ப நீ எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. போயி டிபன் சாப்புடு."

4

இங்கே எனக்கு ஓர் ஆசை. கோரைமேட்டில் மனிதர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள் என்று எழுதலாம். அடுப்பில் சோறு பொங்குகிறது, வடிக்க ஆளில்லை. நாய் மட்டும்—

(நிறுத்துகிறேன். பேய்க்கதையாகிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. நிஜமான பயம் வேறு. யாரும் மறையவில்லை. 612 பேரும் மாடு கறந்தார்கள், ஷிப்டுக்குப் போனார்கள், வரப்புச் சண்டை போட்டார்கள். தாங்கள் எந்த வார்டிலும் இல்லை என்பது ஓட்டுப் போடப் போகும்போதுதான் அவர்களுக்குத் தெரியும்.)

ரோஸ்லினுக்கு இப்போதே தெரியும். ஆபீஸ் போன் அடித்தால் எடுக்காமல் விட்டாள். ஆட்சேபணைக்குக் கடைசி நாள் வியாழன். அதுவரை கோப்பு அவள் கணினியில் திறந்திருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யாராலும் எண்ணை மாற்ற முடியாது.

வியாழன் நாலரைக்கு ஆட்சேபணை மனுவோடு காசம்மாள் வந்தாள். (இவளை முதலில் கண்ணீர் விடுகிறவளாக எழுதினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.)

"இன்னாம்மா இது, மனுவுல மொதக் கட்டமே வார்டு நம்பரு கேக்குது? எங்க வார்டு எது?"

"எந்த ஊருக்கா?" தெரிந்தேதான் கேட்டாள்.

"கோரமேடு. செவுத்துல மாட்டிக்கிற படத்துல தேடிட்டேன். ஏரிக்கு நீலம் அட்ச்சிக்கிறீங்க, சுடுகாட்டுக்கு சாம்பல் அட்ச்சிக்கிறீங்க. எங்க வூடு இருக்கிற எடம் மட்டும் வெள்ளையா கெடக்குது. மை தீந்து பூட்ச்சா?"

உள்ளறையிலிருந்து சிவப்பிரகாசத்தின் குரல் வந்தது: "வார்டு நம்பர் இல்லாத மனுவ வாங்காதம்மா!"

"கேட்டியா? நம்பர சொல்லு, எழுதிக் குடுத்துட்டுப் போறேன். பஸ்ஸு வந்துடும்."

5

முதல் முடிவு: ரோஸ்லின் உண்மையைச் சொல்கிறாள். வேலை போகிறது. கோரைமேடு அவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. (கொண்டாடாது. "அழிச்சவ நீதானே?" என்று கேட்கும். நியாயமான கேள்வி.)

இரண்டாம் முடிவு: "ஏழுக்கா" என்கிறாள். காசம்மாள் ஏழு என்று எழுதுகிறாள், பஸ் பிடிக்கிறாள். ஏழாம் வார்டில் அப்படி ஓர் ஊரே இல்லை என்று மனு தள்ளுபடியாகிறது. யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. எழுத மிகச் சுலபமாக இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

மூன்றாவதைப் பாதிவரை எழுதியிருக்கிறேன். ரோஸ்லின் கோப்பைத் திறக்கிறாள். காசம்மாள் மேசைக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.

"தோ, எங்க ஊரு பேரு! பக்கத்துல இன்னா அது, முட்டை போட்டுகிது?"

ரோஸ்லின் சாவிப்பலகையைக் கிட்டே இழுக்கிறாள்.

"ஏன்டி, யாரு போட்டது?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணி நாலு ஐம்பத்தாறு. 612 அடித்தால் திரை சிவக்கும், திட்டம் திரும்பி வரும், சால்வைகள் கேள்வி கேட்கும், ரோஸ்லினின் பெயர் மேலே நிற்கும். ஒன்றும் அடிக்காவிட்டால் பச்சை அப்படியே இருக்கும். சாவிப்பலகையை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். உங்கள் ஊருக்கு என்ன வண்ணம் என்று பார்க்கப் போய்விடாதீர்கள், அதற்கு நேரமில்லை. காசம்மாள் இன்னும் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோரைமேடு. மக்கள்தொகை: [            ]