சுபோதினியின் விரதங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்த சுபோதினியைப்போல விரதம் பிடிக்கிற பெண் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்று பெயர். வெள்ளி, பிரதோஷம், சஷ்டி, கேதாரகௌரி ஒன்றும் விட்டதில்லை. கலியாண வீட்டில் பந்தி வைத்தால் அவளுக்கு விரதம். பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டினால் அன்றைக்கும் விரதம். வேலை செய்கிற கந்தோரில் மற்றப் பெண்கள் சோற்றுப் பார்சலை விரித்து, ஒருத்தியின் கறியை மற்றவள் அள்ளிச் சாப்பிடும் நேரம், அவள் ஒரு கப் பிளேன்டீயோடு யன்னல் பக்கம் போய் நின்றுவிடுவாள். உன்னுடைய பக்திக்கு முருகனே மாலையோடு வந்து நிற்கப்போகிறார் என்று பக்கத்து மேசை றோஸி பகிடி பண்ணுவாள். சுபோதினியும் சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்கிறது?

முருகனுக்கும் அந்தப் பட்டினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விழுங்கியது வயிற்றுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். முதலில் இறைச்சி நெஞ்சில் நின்றது. பிறகு பாண் நின்றது, சோறு நின்றது, கடைசியில் தண்ணீரும் நின்றது. எழும்பி நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கி, மூச்சைப் பிடித்துத் தள்ளிப் பார்ப்பாள். சில நாளில் இறங்கும். பல நாளில், புளிப்புக்கூட இல்லாமல், தின்றது தின்றபடியே திரும்பி வரும். இரவில் நனைந்த தலையணையைக் காலையில் தானே கழுவிக் காயப்போடுவாள். அவளைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் ஒரு கடி பற்றிஸ் கடித்துவிட்டு, குளியலறைக்குள் ஓடி, அந்தச் சத்தம் ஹோல்வரைக்கும் கேட்ட நாளோடு, தனக்கு இனிக் கலியாணப் பேச்சு வேண்டாம், தங்கச்சிக்குப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

விரதம் என்ற யோசனை அம்மா நேசமலருடையது. சாப்பிட முடியவில்லை என்றால் நூறு கேள்வி வரும், விரதம் என்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றாள். கெட்டிக்காரி. புருஷன் செத்தபிறகு இரண்டு பெண் பிள்ளைகளைக் கொழும்பில் தனியாக வளர்த்து ஆளாக்கியவள், எந்தக் கேள்விக்கும் பதில் கையில் வைத்திருப்பாள்.

வருத்தத்தை டொக்டரிடம் காட்டாமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கிருலப்பனையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் கதிர்காமநாதன், நேசமலருக்கு ஒன்றுவிட்ட தமையன், பிள்ளைகளுக்கு மாமா முறை. அவர்தான் மாவு கலந்த வெள்ளைத் தண்ணீரைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ரிப்போட் வந்த அன்று சுபோதினி கந்தோரில். அம்மாதான் போய் வந்தாள். ஒன்றுமில்லையாம், காஸ்ட்ரைட்டிஸ்தானாம், யோசனை கூடினாலும் இப்படி வருமாம் என்று சொல்லி ஒரு பை குளிசையை மேசையில் வைத்தாள்.

சுபோதினி நம்பினாள். பெற்ற தாயை நம்பாமல் யாரை நம்புகிறது? யோசனைதான் காரணம் என்று தன்னையே திட்டிக்கொண்டு இரண்டரை வருடம் குளிசை விழுங்கினாள். அந்தக் குளிசையே சில நாள் திரும்பி வந்தது. பத்தொன்பது கிலோ குறைந்தாள். சேலையைப் பின் குத்தியும் நிற்காமல் போனது. கடைசியில் ஒரு நாள், சாப்பாடு நெஞ்சுக்குள் புரைக்கேறி, காய்ச்சலும் சளியுமாகக் கந்தோரிலேயே விழுந்தாள். றோஸிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கே ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கலேசியா என்று பெயராம். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை, விழுங்கும்போது திறக்காமல் இறுகிக் கிடக்கிற வருத்தம். வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு அந்தத் தசையை வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நேசமலர் மகளைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினாள். கஞ்சியை இரண்டு தரம் வடித்தாள். ஒப்பரேஷனில் ஏற்றிய காற்றால் வந்த தோள்மூட்டு வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். மூன்றாம் கிழமை, இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துப் பிசைந்து, ஒரு கரண்டி ஊட்டிவிட்டு மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது இறங்கியது. நிற்காமல், முட்டாமல், வழுக்கிக்கொண்டு இறங்கியது. தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு இப்படியொரு அம்மா கிடைத்தாவே என்று சுபோதினி நினைத்தாள்.

அடுத்த கிளினிக்கில், சேர்ஜன் அந்தப் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். நங்கி, ஏன் இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று, தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் கேட்டார். குழாய் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது, இனிப் பழைய அளவுக்கு வராது, வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து மெதுவாகத்தான் சாப்பிட வேண்டும், நேரத்தோடு வந்திருந்தால் இவ்வளவுக்குப் போயிராது என்றார். எக்ஸ்ரே ஒன்றுமில்லை என்றுதான் வந்தது என்று அவள் சொன்னபோது, அவர் நம்பாத முகத்தோடு, எதற்கும் கொண்டுவா என்றார்.

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது அது துலைந்துவிட்டது என்று கிளினிக்குக்கு எடுத்துப்போக முதல் நாள் தேடியபோதே அம்மா சொல்லியிருந்தாள். மாமாவிடம் ஒரு பிரதியாவது இருக்கும் என்று நினைத்து, சுபோதினி கிளினிக்கிலிருந்து நேரே ஒரு திரீவீல் பிடித்துக் கிருலப்பனைக்குப் போனாள். கதிர்காமநாதன் அவளைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். அவளுடைய பழைய கார்டை எடுத்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வாசித்தார்.

"எக்ஸ்ரேயில வடிவாத் தெரிஞ்சது, பிள்ளை. உடன சேர்ஜனிட்டக் காட்டச் சொல்லி அம்மாட்டக் கடிதமும் குடுத்தனானே. நீர் ஒப்பரேஷனுக்குப் பயந்து மாட்டன் எண்டிட்டீர் எண்டு சொன்னவ. பிறகு ரெண்டு தரம் கேட்டனான், அப்பவும் அதுதான் சொன்னவ."

சுபோதினியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. உம்மிடம் நேரே கேட்டிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நாற்பது வருடமாக அவர் நோயாளியை விட்டு வீட்டாரிடம்தான் சொல்லிவந்தார். எங்கள் ஆட்களுக்குள் வருத்தம் ஒருத்தருக்கு, ரிப்போட் இன்னொருத்தருக்கு. முப்பத்துநாலு வயதில் சம்பளம் எடுக்கிற பெண்ணாக இருந்தாலும், அவளுடைய நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று தாயிடம்தான் சொல்வார்கள். அதில் பிழை இருப்பதாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்தபோது நேசமலர் அடுப்படியில் நின்றாள். கதிர்காமநாதன் மாமாவிடம் போனேன் என்று சுபோதினி சொன்னதும், நேசமலர் காஸ் அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள். மறுக்கவில்லை. முழுப் பூசணிக்காயை இரண்டரை வருடம் சோற்றுக்குள் மறைத்தவளுக்குக் களைத்துப்போயிருக்க வேண்டும்.

எக்ஸ்ரே ரிப்போட் வந்த அந்தக் கிழமைதான் தங்கச்சி நிருஷாவுக்கு லண்டன் மாப்பிள்ளை பிரசாந்தின் வீட்டார் ஓம் சொல்லியிருந்தார்களாம். பரம்பரை வருத்தம் ஏதும் உண்டா என்று தரகர் கேட்டதற்கு, இல்லையென்று அடித்துச் சொல்லியிருந்தாளாம். தமக்கைக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டால் புற்றுநோய் என்றுதான் ஊர் முடிக்கும், சம்பந்தம் குழம்பும், கலியாணத்துக்கு இன்னும் ஆறு மாதம்தானே என்று நினைத்தாளாம். கலியாணம் முடிந்தது. பிறகு நிருஷாவின் விசா வரட்டும் என்று பார்த்தாளாம். அதுவும் வந்தது.

"பிறகு?" என்று சுபோதினி கேட்டாள்.

"பிறகு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? மறைச்சுப்போட்டன் எண்டதை என்ன வாயால உன்னட்டச் சொல்லுறது?"

கடிதம் எங்கே என்று கேட்டாள். எரித்துவிட்டேன் என்றாள் தாய். ஒவ்வொரு வெள்ளியும் மகளுக்குச் சுகம் வரவேண்டுமென்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாளே. எந்த டொக்டரிடம் போக வேண்டும் என்ற கடிதத்தை எரித்துவிட்டு அல்லவா கோயிலில் போய் நின்றாள். பக்கத்தில் கைகூப்பி நின்ற தான் எவ்வளவு பெரிய மடச்சி என்று நினைக்க, சுபோதினிக்கு அழுகையைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

அந்த நேரம் ஃபோன் அடித்தது. நிருஷா தினமும் லண்டனில் வேலைக்கு இறங்குமுன் எடுப்பாள். சுபோதினி ஃபோனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள். சொல்லி அழ அவளுக்கு இருந்தது ஒரு தங்கச்சிதான். அம்மா செய்த வேலையைக் கேள் என்று தொடங்கி, எக்ஸ்ரே, கடிதம், மாமா சொன்னது எல்லாம் சொன்னாள். மற்றப் பக்கத்தில் ஐயோ என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. கீழே தண்டவாளத்தில் பாணந்துறை ரயில் போய் முடியும்வரை நிருஷா பேசாமல் இருந்தாள். அந்த அமைதியில் சுபோதினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்கும் தெரியும்."

"அம்மா என்னட்டக் கேட்டவ, அக்கா. கலியாணம் முடியும்வரைக்கும் பேசாமல் இருங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ஆறு மாதத்தில என்ன வந்திடப்போகுது எண்டு நினைச்சிட்டன்."

சுபோதினிக்கு அந்தக் கலியாணம் ஞாபகம் வந்தது. கூறைச்சேலை எடுக்கக் கடைகடையாக ஏறி இறங்கியவள் அவள். மண்டபத்தில் ஒரு வாய் தண்ணீர் இறங்காமல் நாள் முழுக்க நின்றவள் அவள். ஏன் சாப்பிடவில்லை என்று யாரோ கேட்டபோது, எனக்காகத்தான் அக்கா விரதம் பிடிக்கிறா என்று மணவறையிலிருந்து பெருமையாகச் சொன்னவள் நிருஷா. தெரிந்துகொண்டுதான் சொன்னாள்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள் சுபோதினி. "கேட்டிருந்தா நானே பொறுத்திருப்பன். நீ கட்டிப் போ, நான் பிறகு காட்டுறன் எண்டு நானே சொல்லியிருப்பன்."

அது உண்மை. அவள் அப்படித்தான் செய்திருப்பாள். அவர்களும் அதை அறிவார்கள். அறிந்தும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நிருஷா அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, நாளைக்கு நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலயிருந்து மாமி, பிரசாந்தின்ர அம்மா, உங்களைப் பார்க்க வாறாவாம். பித்தப்பையில கல்லு எண்டுதான் அம்மா சொல்லியிருக்கிறா. நீங்களும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ. பிரசாந்துக்கு இது தெரிஞ்சால் என்னை இனி ஒண்டிலயும் நம்பமாட்டார்," என்றாள்.

இந்த முறை கேட்டுவிட்டாள். சின்ன வயதிலிருந்து நிருஷா எதைக் கேட்டாலும் சுபோதினியின் வாயில் ஓம் என்றுதான் வரும். இப்போதும் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை.

"இல்லை, நிருஷா. மாமி கேட்டா உள்ளதைச் சொல்லுவன். எந்த வருஷம் தெரிஞ்சது எண்டதையும் சொல்லுவன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். நேசமலர் பல்கனிக் கதவடியில் நின்றாள். கையில் பிசைந்த இடியப்பக் கோப்பை. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அவளின்ர வாழ்க்கை, பிள்ளை," என்றாள்.

"அப்ப என்ர?"

மாமி நாலு மணிக்கு வருவா, உங்களுக்கு நிற்க முடியாவிட்டால் அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுங்கள் என்று சுபோதினி சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

நேசமலர் கோப்பையை நீட்டினாள். சுபோதினிக்குப் பசித்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, பசித்தால் விழுங்கவும் முடிகிற உடம்பு அது. ஆனால் அந்தக் கையால் வாங்கிச் சாப்பிட மனம் வரவில்லை. தாயை விலத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய், தன் கஞ்சிக்குத் தானே அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தாள்.