ஏழும் இரண்டும்

அந்த ஹோட்டலுக்கு வந்துபோகும் விருந்தாளி ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் அதன் அடித்தளத்துச் சலவைக்கூடம். முந்நூறு அறைகளின் விரிப்பும் துண்டும் அங்கேதான் வந்து குவியும். அத்தனைக்கும் நாலே பேர்: மெஷின்காரர், வேன் டிரைவர், இஸ்திரி போடுகிறவன், கிழிசல் தைக்கிற அக்கா. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இந்த நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் விடுமுறை. யாருக்கு என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று மேலாளர் கைகழுவிவிட்டார்.

பேசித்தான் பார்த்தார்கள். டிரைவரின் மாமனார் ஒரே வருடத்தில் மூன்று முறை சாகக் கிடந்தார். மெஷின்காரரின் மச்சினி வீடு மாற்றி மாளவில்லை. யார் காரணம் பெரிய காரணம் என்று வாய்ச்சண்டை முற்றி, ஒரு மாதம் முழுக்க நாலு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம்தான் போக்கர் என்கிற சீட்டாட்டம் வந்தது. மாதக் கடைசி வியாழன், சாப்பாட்டு இடைவேளை, அக்காவின் தையல் மேசை. பந்தயத்துக்கு மெஷின் வடிகட்டியில் சிக்கிய பொத்தான்கள், ஆளுக்கு இருபது. இடைவேளை மணி அடிக்கும்போது யாரிடம் அதிகமோ அவருக்குச் சனிக்கிழமை. காரணத்தை மட்டும் ஆட்டம் முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொதுவாக. ஒருவர் பொத்தான் வைத்தால் மற்றவர் அதே அளவு வைக்கலாம், ஏற்றலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கடைசியில் நடுவிலுள்ளதோடு யார் சீட்டு நன்றாக ஜோடி சேருகிறதோ அவருக்கே குவிந்ததெல்லாம்; மற்றவர்கள் எல்லாரும் ஒதுங்கிவிட்டால் மிஞ்சியவர் சீட்டைக் காட்டாமலே அள்ளிக்கொள்ளலாம். அக்கா ஒதுங்குகிற ரகம். மோசமான சீட்டு வந்தால் மூச்சு விடாமல் கவிழ்த்துவிடுவாள். பதினோரு மாதங்களில் ஒருமுறைகூட அவள் வெறுங்கையோடு பொத்தான் வைத்ததில்லை. "அக்கா வச்சா அது பேங்க்ல வச்ச மாதிரி" என்பார் டிரைவர்.

இஸ்திரி போடுகிறவன் இதற்கு நேர் எதிர். கையில் குப்பை இருந்தாலும் எதிராளியின் சீட்டைப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. "பாத்துடுவோம்" என்று சொல்லிப் பொத்தானைத் தள்ளுவான், தோற்பான், சிரிப்பான். நாளடைவில் அதுவே அவன் பெயராகிவிட்டது. மேலாளர்கூட அவனைப் பாத்துடுவோம் என்றுதான் கூப்பிட்டார்.

அந்த வியாழக்கிழமை அக்காவுக்குச் சனிக்கிழமை கட்டாயம் வேண்டியிருந்தது. அவள் கணவருக்கு ஆறு வருடமாகக் கண் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் சாகும்போது விட்டுப்போன கண்ணின் மெல்லிய படலத்தை எடுத்து, செவ்வாய்க்கிழமை அவருக்கு வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் அவள் தொழில்தான்; ஆனாலும் கண்ணில் தையல் என்று டாக்டர் சொன்னபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டு அவிழ்ப்பார்கள். "நீ முன்னாடி நில்லு. இல்லேன்னா நான் நர்ஸைப் பாத்து, நீதான் இவ்வளவு இளமையா இருக்கேன்னு ஏமாந்துடுவேன்" என்றார் கணவர். அவள் சிரித்துவிட்டு வராந்தாவில் போய் அழுதாள். சொல்லியிருந்தால் மூன்று பேரும் விட்டுக்கொடுத்திருப்பார்கள். ஆனால் எல்லாருமாகச் சேர்ந்து போட்ட விதி அது. அதை மீறிக் கெஞ்சுவது அவளுக்கு வராது.

மணி அடிக்க நாலு நிமிடம். டிரைவரும் மெஷின்காரரும் பொத்தான் முழுவதையும் இழந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிசயமாக அன்று பாத்துடுவோம் பக்கம் காற்று அடித்தது. அவன் முன்னால் ஐம்பத்திரண்டு பொத்தான். அக்காவிடம் இருபத்தெட்டு. இதுதான் கடைசிச் சுற்று. இதில் ஒதுங்கினால் சனிக்கிழமை அவனுக்கு.

சீட்டை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். ஏழு, இரண்டு. சீட்டுக்கட்டிலேயே இதைவிடக் கேவலமான இரண்டு சீட்டு கிடையாது. வேறு நாளாக இருந்தால் விரல் தானாகக் கவிழ்த்திருக்கும். இன்று வேறு வழியில்லாமல் அவன் வைத்ததற்குச் சமமாக வைத்துக்கொண்டே போனாள், நடுவில் ஒரு ஏழோ இரண்டோ வராதா என்று. ராஜா வந்தது. ஜாக்கி வந்தது. ஒன்பது, நாலு, கடைசியில் ஆஸ். அவளுக்கென்று ஒரு சீட்டும் வரவில்லை.

இருவரும் பதினாலு பதினாலாக வைத்தாயிற்று. அவளிடம் மிச்சம் பதினாலு.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. ஏழும் இரண்டும் இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பதினோரு மாதமாக ஒரு பொய்கூடச் சொல்லாத ஒரு பெண். பயந்து பயந்து ஒதுங்கியதெல்லாம் எங்கோ சேர்ந்து மலையாகக் கிடக்கிறது. இன்று அதன்மேல் ஏறி நிற்கலாம். நினைக்க நினைக்க அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. ஒரே சிக்கல், எதிரே இருப்பது பாத்துடுவோம். ஊரையே நம்பவைத்து ஒதுங்கச் செய்யலாம், பார்த்தே தீருவேன் என்பவனை என்ன செய்வது?

இருந்த பதினாலையும் நடுவே தள்ளிவிட்டு, அவனை நேராகப் பார்த்தாள்.

"முடிஞ்சுது கதை" என்றார் டிரைவர். "தம்பி, கவுத்துடு. அக்கா முழுசையும் வைக்குதுன்னா சும்மா இல்ல."

பாத்துடுவோம் பொத்தானை எடுத்தான். எல்லாரும் அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவன் நடுவிலிருந்த சீட்டுகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பொத்தானைத் திரும்பக் கீழே வைத்தான். பிறகு தன் இரண்டு சீட்டையும் குப்புறக் கவிழ்த்து மேசை ஓரமாகத் தள்ளினான்.

"நான் விட்டுட்டேன் அக்கா."

இடைவேளை மணி அடித்தது. மெஷின்காரர் எண்ணிப் பார்த்து, அக்காவுக்கு நாற்பத்திரண்டு, இவனுக்கு முப்பத்தெட்டு என்றார். அவன் சீட்டு விட்டதை இதற்குமுன் யாருமே பார்த்ததில்லை. டிரைவரும் மெஷின்காரரும் அதை வாயாரப் பேசிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

அக்கா எழுந்திருக்கவில்லை. தன் சீட்டுகளை மெதுவாகத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள்.

"ஏமாத்திட்டேன் தம்பி. ஒண்ணுமே இல்ல."

"தெரியும்" என்றான் அவன், இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றியபடி. தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு ராஜா இருந்தது. நடுவில் இருந்த ராஜாவோடு ஜோடி.

"தெரிஞ்சேவா விட்டே?"

"பாத்துப் பாத்துத் தோத்தேன்னு எல்லாரும் சிரிக்கிறீங்க. சும்மாவா தோத்தேன்? நல்ல சீட்டு வந்தா நீங்க தலையைக் குனிஞ்சுக்குவீங்க அக்கா. எதிர்ல தோக்கப்போறவன் மூஞ்சியைப் பாக்க உங்களுக்கு மனசு வராது. பொத்தானை ஒண்ணொண்ணா, மன்னிப்புக் கேக்கற மாதிரி வைப்பீங்க. இன்னிக்கு ஒரே தள்ளா தள்ளிட்டு என்னை நேராப் பாத்தீங்க." ஒரு விரிப்பை உதறிப் போட்டான். "கையில ஒண்ணும் இல்லாம நீங்க முழுசையும் வச்சா, அது சீட்டுக்காக வச்சது இல்ல."

அவள் கணவரைப் பற்றிச் சொன்னாள். கண் தெரியாதவரோடு ஆறு வருடம் இருந்து, தன்னை யாரும் பார்க்கவே இல்லை, சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணியிருந்தாள். இங்கே ஒருவன் பதினோரு மாதமாகத் தன் தலை குனிவதையும் விரல் நகர்வதையும் கவனித்து மனசில் வைத்திருக்கிறான்.

"போய் முன்னாடி நில்லுங்க" என்றான் அவன்.

"உனக்கு எதுக்குடா சனிக்கிழமை?"

"எனக்கா? தூங்கத்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அது நிஜமா, ஒப்புக்குச் சொன்னதா என்று அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. பதினோரு மாதம் எதிரே உட்கார்ந்து, தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். இவன் பொய் சொன்னால் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் கவனித்ததில்லை. ஊசியில் நூல் கோக்காமல், ஆவிக்கு நடுவே குனிந்து நிற்கும் அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.