வெள்ளை பூசும் நேரம்

ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டினான். பாலைக் காய்ச்சினான். நான்கு டம்ளர் எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தான். மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்தான். முப்பத்து மூன்று.

அவனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வெப்பமானி அங்கிருந்து வந்தது. வீடு என்பது மாடியில் ஒரே அறை, தலைக்கு மேல் வெறும் கான்கிரீட். பகலெல்லாம் குடித்த வெயிலை அது மாலையில் உள்ளே கக்கும். நேற்று நான்கு மணிக்கு நாற்பது.

மகளுக்கு நான்கு வயது. அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாலு என்றுதான். போன வாரம் அந்த வாலு சுருண்டு விழுந்தது. சூடுதான் காரணம் என்றார் டாக்டர். மறுநாளே மாமியார் பையோடு வந்து இறங்கினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்குறேன் மாப்பிள்ளை. அதுக்குள்ள இந்த அடுப்பு தணியலேன்னா புள்ளைய நான் கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் பள்ளிக்கூடமும் அங்கதான்."

அவள் சொன்னதில் அவனால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. மகளும் போய்விட்டால் டம்ளர் ஒன்று போதும்.

கோடை தொடங்கும்போதெல்லாம் தளத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது மனைவியின் வேலை. விடியுமுன் ஏறிவிடுவாள். இவன் அரைத் தூக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வெயிலுக்குப் பயந்துதான் அந்த நேரத்தில் ஏறுகிறாள் என்று நினைத்திருந்தான். அவனுக்கு வெயில் பயமில்லை. சுண்ணாம்பில் நீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சமன்பாடு எழுதத் தெரிந்தவன் வேறு. முந்தின நாளே சுண்ணாம்பை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பசை கலந்து வைத்திருந்தான். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு ஏறினான். நல்ல வெயில், சட்டென்று காயும் என்று கணக்குப் போட்டான்.

காய்ந்தது. நான்கு மணிக்குப் பாம்புச் சட்டைபோல உரிந்தது. காற்றில் பறந்து, கீழ்வீட்டுத் தையல்காரி காயப்போட்டிருந்த துணிகளின் மேல் இறங்கியது.

"யாருய்யா மேல? துணிய வெளுத்துத் தரச் சொல்லி நான் கேட்டேனா?"

மூச்சிரைக்க ஏறி வந்தாள். தளத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கோபம் பாதியாகிவிட்டது.

"ஏன் தம்பி, வேர்த்து வழியிற மூஞ்சில யாராவது பவுடர் பூசுவாங்களா?"

"சீக்கிரம் காயட்டும்னுதான் அக்கா..."

"காஞ்சு என்ன பண்ண? ஒட்ட வேணாமா? தளம் குளுந்து, ஈரமா இருக்கணும். அதுக்குத்தானே அவ விடியக்காலைல ஏறுவா. கூடவே நின்னீங்களே, கேக்கலையா?"

"ஏணியத்தான் அக்கா பிடிச்சேன்."

அவள் சிரிக்க வாய் திறந்து, சிரிக்காமல் இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை இரும்புப் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் சுரண்டினான். இருட்டும்வரை தளத்தில் தண்ணீர் கொட்டினான். சனிக்கிழமை விடியுமுன் ஏணியை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டினான். அவன் பிடித்ததைவிடக் கயிறு நன்றாகவே பிடித்தது. ஒவ்வொரு வாளியாகத் தானே இறங்கி எடுத்துக்கொண்டு ஏறினான். மூலையிலிருந்து பின்னோக்கி நகர்ந்து ஒரு கை பூசினான். சுற்றிலும் எல்லா மாடிகளும் காலியாக இருந்தன. வெயில் வந்ததும் ஈரச்சாக்கு விரித்தான். மறுநாள் விடியலில் இரண்டாம் கைப் பூச்சு. இந்த முறை உரியவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் மாமியார் வெறும் தரையில் பேத்தியோடு படுத்தாள். "சும்மா முதுக நீட்டிப் பாக்குறேன்" என்றவள் நான்கு மணிக்குத்தான் எழுந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தாள். முப்பத்தைந்து. நம்பாமல் விரலால் தட்டினாள். அது அசையவில்லை. வாலு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வேர்வை இல்லை.

மாமியார் பையைத் திறந்து, எடுத்து வைத்திருந்த பேத்தியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து அலமாரியில் வைக்கத் தொடங்கினாள்.

"இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை. புள்ளைய பத்திரமா பாத்துக்கோங்கன்னு அவ கடைசியா சொல்லிட்டுப் போனாளே, அந்த வார்த்தைய காப்பாத்திட்டீங்க."

அவன் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். இந்த ஆறு மாதமும் அப்படித்தான் போனான்.

"அவ அப்படிச் சொல்லல, அத்தை."

அவள் கை நின்றது.

"கடைசியா என்ன சொன்னான்னு எல்லாரும் கேட்டாங்க. நீங்களும் கேட்டீங்க. புள்ளைய வாங்கிட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். நானா சொன்னது."

மாமியார் கையிலிருந்த சின்னச் சட்டையையே பார்த்தாள். பிறகு அதையும் மடித்து மற்றவற்றின் மேல் வைத்தாள். பை காலியாகிவிட்டது.

"அப்ப என்னதான் சொன்னா?"

ஆஸ்பத்திரியில் அது மூன்றாவது நாள். அவன் கட்டில் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தான். மனைவி கண் திறந்து அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொன்னாள். அவன் கீழே போனான். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

"மூஞ்சியைப் பாக்கச் சகிக்கல. போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கன்னா, அத்தை."