பிறந்த வேகம்

சின்னவள் தரையில் குப்புறப் படுத்து, குளிர்பெட்டியின் கால்மாட்டில் காதை வைத்துக் கேட்டாள். மேலே கண்ணாடிக்குள் அப்பா படுத்திருந்தார். அடியில் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து சுற்ற வேண்டிய விசிறி இரண்டு முறை கரகரத்துவிட்டு நின்றுபோனது.

"ஃபேன் போச்சு," என்று எழுந்தாள்.

"அதெல்லாம் இருக்காதும்மா. நேத்து வரைக்கும் நல்லா உயிரோட..." என்று ஆரம்பித்த பெட்டிக்காரர், எங்கே நின்று பேசுகிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், அவர் என்ன செய்வார்? காலையில் அவசரமாகக் கூப்பிட்டதும் கடையில் மிச்சமிருந்த ஒரே பெட்டியை ஏற்றிக்கொண்டு ஓடிவந்தவர். வேறு பெட்டிக்காகத் தெரிந்த இடத்துக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்துவிட்டார். எங்கேயும் காலி இல்லை.

அவள் பெட்டியின் அடித்தகட்டைப் புறங்கையால் தொட்டாள். சுரீரென்றது. கண்ணாடியின் உட்புறம் முத்து முத்தாக வியர்க்கத் தொடங்கியிருந்தது. மேசை விசிறியை இழுத்துவந்து பெட்டியின் சல்லடைக்கு நேராக வைத்துப் பார்த்தாயிற்று. காற்று சல்லடையில் மோதி, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் தலைமுடியைக் கலைத்ததே தவிர உள்ளே போகவில்லை.

சித்தப்பா வந்து குனிந்து பார்த்தார். அப்பாவின் தம்பி. யார் வீட்டில் எது நடந்தாலும் பொறுப்பை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்பவர்.

"அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. வெயில் ஏறிட்டே போகுது. மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம்."

"பெரியவன் வரணும்," என்றாள் அம்மா.

"அவன் பிளேன் பிடிச்சு வந்து சேர சாயங்காலம் ஆகும் அண்ணி. பெட்டியும் இப்படிப் படுத்துடுச்சு. அவன் வந்து பார்க்கும்போது..." அவர் கண்ணாடியின் வியர்வையைப் பார்த்தார்.

"அவன் வந்து அப்பா முகத்தைப் பார்க்கணும். இத்தனை நாளா போன்லயே பார்த்துட்டு இருந்தான். நேர்ல ஒரு தடவை பார்க்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்." சொல்லிவிட்டு அம்மா இரண்டு கைகளையும் கண்ணாடியின் மேல் வைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

சின்னவள் அடுத்த அறைக்குள் போனாள். அங்கே இரண்டு நல்ல விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்பாவுக்குத் தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர். அவருடைய பைத்தியமோ வேறு ஒன்று. திரை உடைந்து, மூடி பிய்ந்து, யாரோ எடைக்குப் போட்ட லேப்டாப்பைப் பிரித்து அதன் பிராசஸரை எடுப்பார். அந்தக் குட்டிச் சிப்பை ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்து, மேசைக் கம்ப்யூட்டரின் மலிவான போர்டு ஒன்றில் கொண்டுபோய் உட்காரவைப்பார். கொஞ்ச செலவில் ஒரு நல்ல மிஷின் தயார். அதோடு விட்டாரா? அந்தச் சிப் கம்பெனியில் பிறந்த வேகம் அவருக்குப் போதாது. "லேப்டாப்புக்குள்ள அது வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு ஓடுச்சு. இங்க காத்து இருக்கு, கரண்ட் இருக்கு. ஓடட்டுமே!" என்று கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றிக்கொண்டே போவார்.

பெரியவன் சம்பாதிக்க ஆரம்பித்த புதிதில், "நான் புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்ப்பா. எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டான்.

"புதுசுல என்ன இருக்கு? அட்டைப்பெட்டியில என்ன எழுதியிருக்கோ அந்த வேகத்துல ஓடும்," என்றார் அப்பா. அந்த அலட்சியத்தைப் பார்த்த பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஏற்றிய வேகத்தில் ஓர் இரவும் ஒரு பகலும் மிஷின் நிற்காமல் கடினமான கணக்கைப் போட வேண்டும் என்பது அப்பா தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். போட்டு முடித்தால் அது வேகம். நடுவில் திரை உறைந்து நின்றால் அது வெறும் ஆசை. இந்தச் சிப்போடு அவரும் சின்னவளும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அவர்கள் குறிவைத்தது அது பிறந்த வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு. தினமும் எங்கேயோ ஓரிடத்தில் உறைந்து அவர்கள் முகத்தில் கரியைப் பூசிவிடும்.

அப்பா அடிக்கடி புறங்கையால் மிஷினின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் வைப்பது புறங்கைதான். உள்ளங்கைக்கு எல்லாச் சூடும் பழகிப்போச்சு, அது பொய் சொல்லும் என்பார். விசிறிகளின் இரைச்சல் பொறுக்காமல் உள்ளறையிலிருந்து அம்மா தினமும் ஒரு சத்தம் போடுவாள். "கதவைச் சாத்திட்டு ஓட்டுங்களேன்!" அப்பா எழுந்துபோய்ச் சாத்துவார். ஒயர் போகணும் என்று ஒரு விரற்கடை விட்டுத்தான் சாத்துவார். அந்த வழியாக எந்த ஒயரும் போனதாகச் சின்னவளுக்கு நினைவில்லை.

நேற்று பொழுது சாய்ந்ததும் வேகத்தை ஏற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், விடியற்காலையில் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். டீ கொண்டுபோன சின்னவள்தான் முதலில் பார்த்தாள். தலை தோளில் சாய்ந்திருந்தது. திரையில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதும் ஓடுகிறது. இவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை. இன்று இருட்டும்வரை தாங்கிவிட்டால் போதும், அப்பா ஜெயித்துவிடுவார்.

அலமாரியை அலசினாள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய விசிறிகள் கிடந்தன. ஒரு மெழுகுவர்த்தியை அணைக்கக்கூட அவற்றுக்குத் தெம்பு கிடையாது. பவர் சப்ளைகள் எல்லாம் குடலை உருவிப் போட்டவை. நல்ல விசிறிகளும், அவற்றைச் சுற்றவைக்கும் கரண்டும் அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தன, ஓடிக்கொண்டிருக்கும் அந்த மிஷினில். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஏம்ப்பா, ஒரு நல்ல ஃபேனை கூடுதலா வாங்கி வெச்சிருக்கக் கூடாதா?" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்.

பின்னாலேயே வந்திருந்த பெட்டிக்காரர், "இதுல இருக்கற ஃபேனா? அவ்வளவுதானே, ஒரே இழு," என்று கையை நீட்டினார்.

"அய்யய்யோ, தொடாதீங்க!"

அவர் சூடுபட்டவர்போலக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"லேப்டாப் சிப்புக்கு மேல மூடி கிடையாது அண்ணே. மொட்டையா இருக்கும். ஒரு பக்கமா அழுத்தினா மூலை தெறிச்சுடும்." அப்படி மூலை தெறித்த சிப்புகளை அப்பா ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். கை பரபரக்கும் நாட்களில் அதைக் குலுக்கித் தானே கேட்டுக்கொள்வார்.

அவளுக்குச் செய்ய வேண்டியது தெரிந்துதான் இருந்தது. விசிறிகளை எடுத்தால் இந்த வேகத்தில் சிப் கொதித்து, மிஷின் தானாக அணைந்துவிடும். அணைந்தால் விசிறிக்குக் கரண்ட் ஏது? மிஷின் ஓடவும் வேண்டும், விசிறி இல்லாமல் ஓடவும் வேண்டும். வேகத்தை இறக்குவது தவிர வழியில்லை. கணக்கை இப்போதே, பாதி பகலில், தன் கையாலேயே நிறுத்த வேண்டும்.

வெளியே சித்தப்பா யாரிடமோ வண்டிக்குச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். "வேண்டாம்" என்ற அம்மாவின் குரல் கேட்டது. அதில் பழைய உறுதி இல்லை.

சின்னவள் கணக்கை நிறுத்தினாள். மிஷினை அணைத்து மறுபடி கிளப்பி, வேகத்தை மாற்றும் அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். அப்பா வைத்த எண்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகலாமா என்று திரை கேட்டது. காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் கட்டிப்பிடித்துக் கதறியபோதெல்லாம் வராத அழுகை, இந்த ஒரு கேள்விக்கு வந்தது. பெட்டிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு 'ஆம்' என்று அழுத்தினாள். அதற்குப் பிறகும் கொஞ்சம் இறக்கினாள், பிறந்த வேகத்துக்கும் கீழே.

மிஷினைத் தூக்கிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்ததும் பேச்சும் அழுகையும் நின்றன. அப்பாவின் கால்மாட்டில் அதை இறக்கிவைத்தாள். "இந்த நேரத்துல இதை எதுக்கு இழுத்துட்டு வரா?" என்று ஒரு குரல். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "போறப்பகூட அந்த மிஷினை விடமாட்டாரா எங்க அண்ணன்!" என்றவர், அவள் சல்லடையைக் கழற்ற முடியாமல் திணறுவதைப் பார்த்துவிட்டு, மறு நிமிடம் அவரே தரையில் படுத்து டார்ச் அடித்தார்.

பெட்டியின் செத்த விசிறியைப் பெட்டிக்காரர் வெளியே எடுத்தார். உள்ளே குழாய்களின் மேல் தூசி மெத்தையாக அப்பியிருந்தது. அப்பா போர்டு துடைக்கும் பிரஷால் அவள் அதைச் சுரண்டி எடுத்தாள். பிறகு மிஷினின் இரண்டு விசிறிகளையும் கம்பிக் கொக்கி நீக்கி அலுங்காமல் கழற்றி, குழாய்களுக்கு எதிரே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினாள். மிஷினிலிருந்து ஒயர் நீண்டு பெட்டிக்குள் போயிற்று. பட்டனை அழுத்தினாள். விசிறிகள் கிளம்பின.

"இது தாங்குமா கண்ணு?" என்றார் சித்தப்பா, இன்னும் படுத்தபடியே.

"தாங்கணும் சித்தப்பா."

கண்ணாடியின் வியர்வை முதலில் கால் பக்கம் விலகிற்று. பிறகு மார்பு, பிறகு முகம். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தப்பா எழுந்துபோய் வண்டியைச் சாயங்காலத்துக்கு மாற்றிச் சொன்னார்.

பகல் முழுக்கச் சின்னவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு கை பெட்டியின் அடித்தகட்டில், மறு கை மிஷினில். இரண்டையும் மாற்றி மாற்றிப் புறங்கையால் தொட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாவம், பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். மொட்டைச் சிப் விசிறி இல்லாமல், வெதுவெதுப்பாக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு பெரியவன் வந்தான். தோளில் பையோடு வாசலில் நின்றவனை அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கண்ணாடியைத் தூக்கினார்கள்.

"பாருடா. அப்படியே இருக்கார் பாரு."

அப்படியேதான் இருந்தார், மழிக்காத ஒருநாள் தாடியோடு. பெரியவன் அப்பாவின் நெற்றியில் புறங்கையை வைத்தான். கையை எடுக்காமல், வாய்விட்டு, சின்னப் பையனைப்போல அழுதான். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் கால்மாட்டில் இருந்ததைப் பார்த்தான். "இது ஏன் இங்க இருக்கு?"

சின்னவள் சொன்னாள்.

"டெஸ்ட் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"எவ்வளவு தூரம் வந்துச்சு?"

"விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருக்கும்ண்ணா."

அவன் அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். வாசலில் வண்டி வந்து நின்றது.

எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பியபோது பெட்டி போயிருந்தது. பெட்டிக்காரர் விசிறிகளைத் துடைத்து, ஒயரை அழகாகச் சுற்றி மேசையில் வைத்திருந்தார். மிஷினை மட்டும் அவர் தொடவில்லை. காலியான கூடத்தின் நடுவே அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சித்தப்பா ஒரு தம்ளர் பால் கொண்டுபோய் வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது. வீட்டில் சுவர்க்கடிகாரம் தவிரச் சத்தமே இல்லை.

பெரியவன் மிஷினை அணைத்துத் தூக்கி மேசையில் வைத்தான். "நான் பிடிச்சுக்கறேன். நீ மாட்டு," என்றான்.

"அழுத்தாதே."

"தெரியும் தெரியும். டப்பாவைக் குலுக்கிக் குலுக்கியே என்னையும் வளர்த்தார்."

இரண்டு விசிறிகளும் பழைய இடத்தில் ஏறின. அவன் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தான், உட்காராமல் நின்றபடியே கீபோர்டை இழுத்துக்கொண்டான். அவள் எண்களைச் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

"இவ்வளவா?" என்று ஓரிடத்தில் நிறுத்தினான். "கொஞ்சம் கம்மியா வெச்சுப் பார்க்கலாமா?"

"அப்பா வெச்சது அதுதான்."

தட்டினான். கணக்கு முதலிலிருந்து ஆரம்பித்தது. விசிறிகள் மெல்ல எழும்பி, பிறகு வேகம் பிடித்து, அறை முழுக்க இரைந்தன. அவன் புறங்கையை நீட்டித் தொட்டுப் பார்த்தான். சூடு ஏறிக்கொண்டிருந்தது.

"கதவைச் சாத்திட்டு ஓட்டுங்களேன்!" என்றாள் அம்மா உள்ளறையிலிருந்து.

இருவரும் அசையாமல் நின்றார்கள். பெரியவன் போய்க் கதவைச் சாத்தினான், ஒரு விரற்கடை விட்டு.