ஓசெல்லா விழுந்த ஞாயிற்றுக்கிழமை

பாடகன் கார்னெல் பீப்பிள்ஸின் வேர்வைத் துண்டுக்காக டேடன் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிறாண்டிக்கொண்டார்கள். அது வேர்வையே இல்லை என்று வெர்லீனுக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு வேர்க்கவே வேர்க்காது. அடுப்பு மாதிரி கொதிக்கிற கிளப்பில், வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு குதித்தாலும் நெற்றி காய்ந்து கிடக்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கொட்டி, சவரம் செய்தபின் பூசுகிற வாசனைத் தண்ணீரையும் கொஞ்சம் விட்டு, பாட்டுக்கு நடுவே கூட்டத்தில் வீச நாலைந்து துண்டுகளை ஊறப்போட்டு வைப்பான். அந்த வாளியை வைக்க வேறு இடமா இல்லை? வெர்லீனின் ஆர்கனுக்கு அடியில்தான் வைப்பான்.

தண்ணீரை மாற்றச் சொன்னால், "மாத்தினா ராசி போயிடும் சிஸ்டர்" என்பான். ஈஸ்டருக்கு ஊற்றிய தண்ணீர் ஜூன் மாதமும் அங்கேயே இருந்தது. மேலே ஏடு மாதிரி ஏதோ படிந்திருந்தது. அவள் ஆர்கனின் மிதிகட்டையை மிதிக்கும்போதெல்லாம் அது தளும்பி, செத்த எலிக்கு சென்ட் அடித்த மாதிரி ஒரு நாற்றம் மூக்கில் ஏறும்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டு எதற்கு உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டால், அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஊரார் படுத்த விரிப்புகளைத் துவைக்கிறாள். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். ஞாயிறு மாலை கிளப்பில் கார்னெலின் 'கிரேவி கமிட்டி' குழுவுக்கு வாசிக்கிறாள். இந்தக் குழு ஒரு இசைத்தட்டு போட்டு நாலு ஊர் போனால், சலவைக்கூடத்து நீராவியிலிருந்து தப்பிக்கலாம். அந்த ஒரு ஆசைதான்.

குழுவுக்குக் கூட்டம் சேர்ந்ததே மிஸ் ஓசெல்லாவால். அவள் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். தலைக்கு மேல் முடி உலர்த்தும் கூண்டு கவிழ்ந்திருக்க, நகர முடியாமல் உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் வாரமெல்லாம் கிரேவி கமிட்டி புராணம்தான். "ஞாயித்துக்கெழம வரல, அப்புறம் என் கடப் பக்கம் தலையக் காட்டாதடீ" என்று மிரட்டியே பாதி கிளப்பை நிரப்பிவிடுவாள். முதல் மேசை அவளுக்கு. தொப்பியில் இறகு ஆட, "பாடு ராசா, பாடு!" என்று அவள் கத்தினால்தான் கூட்டம் சூடேறும்.

இந்த நிலையில்தான் கார்னெலுக்கு அந்தப் புது யோசனை வந்தது.

"சர்ச்சில சனங்க அருள் வந்து விழுவாங்கல்ல? அத நம்ம கடேசிப் பாட்டுல வெச்சா எப்படி இருக்கும்? என் சித்தி பொண்ணு ஜூவல் விழுவா. அவ தங்கச்சி சர்ச்சு நர்ஸம்மா மாதிரி வெள்ள யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு விசிறுவா. நான் போயி துண்டப் போத்துவேன்."

வெர்லீன் ஆர்கனிலிருந்து திரும்பினாள். "அது சாமி காரியம் கார்னெல். வெளயாட்டா?"

"நீ காலையில வாசிக்கிறதத்தானே சாயங்காலமும் வாசிக்கிற? அதே கை, அதே கட்டை. சனத்துக்குப் புடிக்கும், விடேன்."

"எனக்குப் புடிக்கலையே."

"உனக்கு எதுதான் புடிக்கும்? மூஞ்சிய எப்பவும் ஊறுகாய் கடிச்ச மாதிரியே வெச்சிருக்க."

டிரம்ஸ் அடிக்கிற தாட் மட்டும் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டே, "நானா இருந்தா ஜூவல் விழற எடத்துல ஒரு மெத்தயப் போடுவேன், இல்லன்னா மேசையில இடிச்சுக்குவா" என்றான். பேச்சு அத்தோடு சிரிப்பாகப் போயிற்று. வெர்லீன் வாசித்தாள். எந்த இடத்தில் எந்தக் கட்டையை அழுத்தினால் மனிதர்களுக்கு முழங்கால் விட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வாசித்தாள். ஜூவல் விழுந்தாள். கூட்டம் கூரையைப் பிய்த்தது. வெர்லீன் வீட்டுக்குப் போய் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

சின்சினாட்டியிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்த ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறு. தேவாலயத்தில் அப்பம் பகிர்கிற நாள் என்பதால் ஆராதனை நீண்டுகொண்டே போயிற்று. ஆட்கள் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக அங்கிருந்து நேராகக் கிளப்புக்கு வந்து அடைத்துக்கொண்டார்கள். மிஸ் ஓசெல்லா முதல் மேசையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மிஸ் ஓசெல்லா, மீனு வறுத்திருக்காங்க, ஒரு தட்டு சொல்லவா?" என்று வெர்லீன் மேடையிலிருந்தே கேட்டாள்.

"சாப்புட எங்க கண்ணு நேரம்? எந்திரிச்சா அந்த பெர்னீஸ் வந்து மேசையப் புடிச்சுக்குவா. காலையில சக்கரை ஊசி போட்டதோட சரி, வாயில ஒரு பருக்கை வெக்கல. நீ வாசி, எனக்கு அது போதும்."

கம்பெனிக்காரர், மிஸ்டர் லவ்ஜாய், பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். விரலை ஒவ்வொன்றாகச் சூப்பினார். கார்னெல் அவரைப் பார்த்துப் பார்த்தே பாடினான். கடைசிப் பாட்டு வந்தது. வெர்லீன் அந்தக் கட்டைகளுக்குப் போனாள். ஜூவல் ஓரத்தில் தயாராகத் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் விழுவதற்குள் மிஸ் ஓசெல்லா எழுந்தாள். கையை ஒருமுறை மேலே தூக்கினாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

கிளப்பே ஆர்ப்பரித்தது. இது கூலிக்கு விழுகிற ஜூவல் இல்லை, கடைக்காரி, எல்லோருக்கும் தெரிந்தவள்! அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் பழக்கம் இருந்தது. அருள் வந்து விழுந்தவளை எழுப்பக் கூடாது, தொடக் கூடாது, மானம் போகாமல் முழங்காலுக்கு மேல் ஒரு துணியைப் போடவேண்டும், விசிறவேண்டும், தானாகத் தெளியும்வரை விடவேண்டும். அதையெல்லாம் வரிசைப்படி, பக்தியோடு செய்தார்கள். பெர்னீஸ் தன் சால்வையையே எடுத்துக் காலில் போர்த்தினாள். வெள்ளை யூனிஃபார்ம்காரி விசிறினாள். எல்லாம் முறையாக நடந்தது. மிஸ் ஓசெல்லாவைத்தான் ஒருவரும் பார்க்கவில்லை.

வெர்லீன் பார்த்தாள். நூறு பேர் விழுந்ததை ஆர்கனுக்குப் பின்னாலிருந்து பார்த்தவள் அவள். அருள் வந்தவர்கள் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் கை முன்னால் வரும். இவளுக்குக் கை வரவில்லை. தொப்பியோடு தலை தரையில் மோதியது. வாயோரம் எச்சில் ஒழுகியது, உதடு சாம்பலாகியிருந்தது.

கார்னெல் குதித்து வந்து வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். சொட்டச் சொட்ட, அந்த ஏட்டோடு, மிஸ் ஓசெல்லாவின் முகத்தின் மேல் போட்டான். "அம்மா மேல அருள் எறங்கிருச்சுய்யா!" என்று பாடினான். பின்னால் லவ்ஜாய் கோழிக்காலை வைத்துவிட்டு எழுந்து நின்றார். நிறுத்தினால் எல்லாம் போச்சு என்று வெர்லீனுக்குத் தெரியும். இன்னும் இரண்டு சுற்று வாசித்தால் பாட்டு தானாக முடியும். இரண்டு சுற்றுதான்.

கையைத் தூக்கிவிட்டாள்.

ஆர்கன் நின்றதும் பாட்டு குடல் சரிந்த மாதிரி ஆயிற்று. கிட்டார் எங்கோ தனியாகப் போய்த் தடுக்கியது. கார்னெல் பல்லைக் கடித்துக்கொண்டு, "வாசிடீ!" என்றான்.

"அவளுக்குச் சக்கரை எறங்கிருச்சு, குருட்டுப் பயலே! நகரு! தாட், ஆரஞ்சு சோடா கொண்டா!"

அவள் மேடையிலிருந்து இறங்கி அந்தத் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். கையெல்லாம் வழுவழுவென்று ஒட்டியது. தாட் டிரம்ஸைத் தாண்டிக் குதித்து சோடாவோடு ஓடிவந்தான். தலையைத் தூக்கி, உதட்டை நனைத்து, துளித்துளியாகப் புகட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் அப்போதும், "பாவம், தானாத் தெளியட்டும் விடும்மா, பாதியில எழுப்பக் கூடாது" என்று புத்தி சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மிஸ் ஓசெல்லா கண் திறந்தாள். கூட்டம் மறுபடி கை தட்டியது.

அவளைப் பின்னறை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மிஸ்டர் லவ்ஜாய் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போகிறார் என்று வெர்லீன் நினைத்தாள்.

"அருமை" என்றார் அவர். "அந்தப் பொண்ணு விழறது பொய்னு தெரிஞ்சு போவுது. இந்தம்மா விழுந்தாங்க பாருங்க, எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. இசைத்தட்டு போட்டுரலாம். ஊர் ஊரா போறப்ப இவங்களும் வருவாங்களா?"

"வருவாங்க சார்!" என்றான் கார்னெல். யோசிக்கக்கூட இல்லை. "எங்கம்மா மாதிரி சார்."

வெர்லீன் மிஸ் ஓசெல்லாவைப் பார்த்தாள். எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று காத்திருந்தாள். மிஸ் ஓசெல்லா சோடாவை ஒரு வாய் உறிஞ்சினாள். முடியில் அந்த வாளித் தண்ணீர் காய்ந்து திரிதிரியாக நின்றது.

"நெசமாவே நல்லா விழுந்தேனா?" என்றாள்.

"பிரமாதம்மா" என்றார் லவ்ஜாய்.

"தட்டு அட்டையில என் கடப் பேரு போடுவீங்களா?"

வெர்லீன் குறுக்கே வந்து நின்றாள். "மிஸ் ஓசெல்லா, நீங்க செத்திருப்பீங்க."

"சாகலையே கண்ணு. இனிமே ஒரு வாய் சாப்புட்டுட்டு விழுறேன், அவ்வளவுதானே?"

"நான் வாசிக்க மாட்டேன்."

கார்னெல் சிரித்தான். "எங்க போவ சிஸ்டர்? நாளைக்கு ஆஸ்பத்திரி மூத்திரத் துணியத் தொவைக்கவா?"

"ஆமா. அங்க அதுக்கு அத்தர் பூசி விக்கறதில்ல."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். மிஸ் ஓசெல்லா பதறிப்போய், "ஏ கண்ணு, நீ வாசிக்கலைன்னா நான் எப்படி விழுவேன்?" என்று கத்தினாள். கேலியில்லை, மெய்யாகத்தான் கேட்டாள். தாட் அவள் பின்னால் ஓரடி வைத்தான். லவ்ஜாயைப் பார்த்தான், நின்று குச்சிகளைத் துடைக்கத் தொடங்கினான்.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. வாசலில் தொப்பிக்காரிகள் கலையாமல் நின்று, ஓசெல்லா விழுந்த அழகை ஒருத்திக்கொருத்தி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்னீஸ் ஓடிவந்து வெர்லீனின் பிசுபிசுத்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறும் இது உண்டுதானே?"

வெர்லீன் கையை இழுத்துக்கொண்டாள். "இல்ல."

"அய்யோ," என்றாள் பெர்னீஸ், "அப்ப எந்த ஞாயிறு?"